கஸ்டர் பூங்காவின் 18 மைல்: முதல்முறை பைசன் பார்க்கப் போகிறவர்களுக்கு

மவுண்ட் ரஷ்மோர் பார்க்க அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்துக்குப் போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். மலையில் செதுக்கிய நான்கு ஜனாதிபதிகளின் முகங்களையும் பார்த்து, படம் எடுத்து, மதியச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு, "பக்கத்தில் காட்டெருமை ரோடு ஒன்று இருக்காமே, அப்படியே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகலாம்" என்று இரண்டு மணி வெயிலில் கஸ்டர் ஸ்டேட் பார்க்குக்குள் நுழைகிறார்கள். முதல்முறை நானும் அப்படித்தான் போனேன். ஜூலை மாதம். முக்கால் மணி நேரத்தில் பாதை முடிந்துவிட்டது. பார்த்தது நாலு கழுதைகளும், தொலைவில் மரத்தடியில் அசையாமல் கிடந்த சில கறுப்புப் புள்ளிகளும்தான். மனசு கேட்காமல் மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அதே ரோட்டுக்குப் போனோம். அதே 18 மைலைக் கடக்க மூன்றரை மணி நேரம் ஆனது. அன்றைக்குப் பார்த்ததை இன்னும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே வரியில் கேட்டால், இந்த ரோட்டில் ஓட்டுவதைக் குறைத்து நிற்பதைக் கூட்ட வேண்டும். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம்

பிளாக் ஹில்ஸ் மலைகளில் இருக்கிறது இந்தப் பூங்கா. ரேப்பிட் சிட்டியிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பரப்பு 71,000 ஏக்கர். வடக்குப் பக்கம் கிரானைட் பாறையும் பைன் மரங்களும். தெற்கே போகப் போக மரம் குறைந்து, அலை அலையாக ஏறி இறங்கும் புல்வெளி. இதைத்தான் பிரெய்ரி என்கிறார்கள். காடும் புல்லும் தொட்டுக்கொள்ளும் இடம் என்பதால் விலங்குகளுக்கு மேயவும் ஒதுங்கவும் பக்கத்திலேயே இடம் கிடைக்கிறது. வைல்ட்லைஃப் லூப் ரோடு என்ற 18 மைல் (29 கி.மீ.) தார்ச்சாலை இந்த நிலத்தினூடே வளைந்து போகிறது. ஒரு முனை கிழக்கே, ஸ்டேட் கேம் லாட்ஜ் என்ற விடுதி அருகில் 16ஏ நெடுஞ்சாலையில். மறு முனை மேற்கே, புளூ பெல் பக்கம் 87ஆம் நெடுஞ்சாலையில். பெயரில் 'லூப்' இருந்தாலும் ஆரம்பித்த இடத்துக்கே அது கொண்டுவந்து விடாது. தங்கும் இடம் எந்தப் பக்கம் என்று பார்த்து, திரும்பி வரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காட்டெருமை என்றதும் கொடைக்கானல், முதுமலைப் பக்கம் பார்த்த காட்டுமாடு நினைவுக்கு வரும். இது வேறு இனம். தோளும் திமிலும் பெருத்து, தலை தாழ்ந்து, முன்பாதி முழுக்கக் கம்பளி போர்த்தியது போல் இருக்கும். குழப்பம் வேண்டாம் என்று இனி பைசன் என்றே சொல்கிறேன். ஒரு காலத்தில் இந்தக் கண்டத்தில் கோடிக்கணக்கில் இருந்த விலங்கு இது. தோலுக்காகவும், லகோட்டா போன்ற பழங்குடி மக்களின் சாப்பாட்டை அறுத்து அவர்களைப் பணிய வைக்கவும் சுட்டுத் தள்ளினார்கள். 19ஆம் நூற்றாண்டு முடியும்போது ஆயிரம்கூட மிஞ்சவில்லை. ஸ்காட்டி பிலிப் என்ற பண்ணைக்காரர் பாதுகாத்து வைத்திருந்த மந்தையிலிருந்து 36 பைசன்களை 1914இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இன்று கோடையில் இந்தப் புல்வெளியில் ஆயிரத்துக்கு மேல் மேய்கின்றன. ரோட்டோரம் ஒரு பைசனைப் பார்த்து 'சரி, பார்த்தாச்சு' என்று வண்டியை எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கு ஒருமுறை மனதில் ஓடட்டும்.

எந்த மாதம், எந்த நேரம்

குழந்தைகளோடு போவதாக இருந்தால் மே கடைசியும் ஜூனும் நல்லது. புல் பச்சையாக இருக்கும், கன்றுகள் துள்ளிக்கொண்டிருக்கும். பைசன் கன்று பிறக்கும்போது செம்மண் நிறம். சில மாதங்கள் போன பிறகுதான் கருத்து வரும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை இணைசேரும் காலம். தனியே திரிந்த காளைகள் மந்தைக்குள் வந்து சேரும். அவை போடும் உறுமல் ரொம்பத் தூரத்துக்குக் கேட்கும், கேட்டவுடன் ஏதோ லாரி வருகிறது என்றுதான் நினைப்பீர்கள். எனக்குப் பிடித்த மாதம் செப்டம்பர்: கூட்டம் குறைவு, காற்றில் குளிர், புல் பொன்னிறம். அந்த மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, குதிரை வீரர்கள் மொத்த மந்தையையும் ஓட்டிவந்து அடைக்கும் பஃபலோ ரவுண்டப் நடக்கும். 1960களிலிருந்து நடக்கிறது. இருக்கிற புல் தாங்கும் அளவுக்கு மந்தையை வைத்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் ஆயிரக்கணக்கில் ஜனம் கூடும். அமைதியாக விலங்கு பார்க்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மாதத்தைவிட முக்கியம் மணி. விடிந்த முதல் இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும்தான் கணக்கு. ஜூனில் இங்கே ஐந்தேகால் வாக்கில் சூரியன் வந்துவிடும். சிகாகோ, மினியாபோலிஸ் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே மவுண்டன் டைம் என்பதால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். இந்த ஊர் ஐந்து மணி உங்கள் உடம்புக்கு ஆறு. வந்த முதல் நாள் காலையையே லூப் ரோட்டுக்கு வைத்துவிடுங்கள். ரஷ்மோரின் முகங்கள் மத்தியானமும் அங்கேயேதான் இருக்கும்.

கிளம்பும் முன்

நுழைவு லைசென்ஸ் வண்டிக்கு ஒன்று, ஏழு நாள் செல்லும். தேசியப் பூங்காக்களுக்கு வாங்கும் வருடாந்திர பாஸ் இங்கே செல்லாது, ஏனென்றால் இது மாநிலப் பூங்கா. இது தெரியாமல் வருபவர்கள் நிறைய. விடியற்காலை போவதால் முதல் நாளே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள்.

பெட்ரோலை முந்தின இரவே கஸ்டர் ஊரிலோ ரேப்பிட் சிட்டியிலோ நிரப்பிவிடுங்கள். பூங்காவுக்குள் பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது. மேப்பை இறக்கி வைத்துக்கொள்வதோடு ஒரு காகித மேப்பும் கையில் இருக்கட்டும். வண்டிக்கு ஒரு பைனாகுலராவது கட்டாயம் வேண்டும், முடிந்தால் இரண்டு. ஒன்று இருந்தால் பின் சீட்டில் சண்டைதான். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் போதும். ஜூலையிலும் காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். மதியத்துக்கு மேல் திடீரென்று இடியும் ஆலங்கட்டி மழையும் வரும் ஊர் இது. சாப்பாடு கையில் இருந்தால் அவசரம் இருக்காது. நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவோம். அதுவும் தண்ணீரும் இருந்தால் பத்து மணி வரை யாரும் 'எப்போ போகலாம்' என்று கேட்பதில்லை. வழியில் கழிவறைகள் குறைவு, அதை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது

காலையில் கிழக்கு முனையில், கேம் லாட்ஜ் பக்கம் ஆரம்பியுங்கள். வெயில் பெரும்பாலும் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும். கண்ணும் கூசாது, படமும் நன்றாக வரும். மாலையில் அதையே திருப்பிப் போட்டு புளூ பெல் பக்கமிருந்து வாருங்கள். (அந்தக் கேம் லாட்ஜில்தான் 1927 கோடையில் ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ் வந்து தங்கி அரசாங்கத்தையே நடத்தினார். கட்டிடம் இன்னும் இருக்கிறது.)

மாலையில் போவதாக இருந்தால் முதலில் விசிட்டர் சென்டருக்குப் போய் "இன்றைக்கு மந்தை எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அன்று காலை மந்தையைப் பார்த்த இடத்தை மேப்பிலேயே காட்டிவிடுவார்கள். இந்த ஒரு கேள்வி ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஓட்டும் விதம்

மணிக்கு இருபது மைலுக்கு மேல் போக வேண்டாம். பின்னால் வண்டி வந்தால் ஓரம் ஒதுங்கி வழிவிடுங்கள். நிறுத்துவதற்கென்று ஒதுக்குப்புறங்கள் இருக்கின்றன. நடு ரோட்டிலோ வளைவிலோ நிறுத்தினால் பின்னால் வருபவர் உங்களைப் பார்க்க மாட்டார், அவர் கண்ணும் புல்வெளியில்தான் இருக்கும். ஓட்டுபவர் ரோட்டை மட்டும் பார்க்கட்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக்கொள்ளுங்கள்.

உயரமான ஒரு திருப்பம் வந்தால் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, பத்து நிமிடம் சும்மா இருங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே தெரியாது. புல், காற்று, எங்கோ வேலிக்கம்பத்தில் புல்லாங்குழல் போல் இழைக்கும் மஞ்சள் மார்புக் குருவி மெடோலார்க். மூன்றாவது நிமிடத்தில் நீங்கள் பாறை என்று நினைத்தது தலையை அசைக்கும். கண்ணுக்குப் புல்வெளி பழக இவ்வளவு நேரமாகிறது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் அது பழகாது. முதல் நாள் மதியம் நான் இழந்தது இதைத்தான். விலங்கு முழுசாகக் கண்ணில் படும் என்று தேடாதீர்கள். புல்லுக்கு மேல் ஒரு காது, ஒரு முதுகுக் கோடு, நிழலில் ஒரு அசைவு என்று பாருங்கள்.

எதை எங்கே தேடுவது

வெட்டவெளியில், வெள்ளைப் பின்புறமும் பழுப்பு முதுகுமாக நிற்பது பிராங்ஹார்ன். ஆட்டுக்கும் மானுக்கும் நடுவில் ஒரு சாயல். இந்தக் கண்டத்தில் இதைவிட வேகமாக ஓடும் விலங்கு கிடையாது. மணிக்கு 55 மைலைத் தொடும். மறைவதற்குப் பதில் தூரத்திலேயே ஆளைக் கண்டுகொண்டு ஓடிவிடுவது அதன் வழக்கம், அதனால்தான் இவ்வளவு பகிரங்கமாக நிற்கிறது. பயந்தால் பின்புற வெள்ளை முடி விரிந்து கண்ணாடி போல் பளிச்சிடும். இவ்வளவு ஓடினாலும் வேலியைத் தாண்டப் பெரும்பாலும் முயலாது, அடியில் குனிந்து நுழைந்துதான் போகும்.

மரமும் புல்லும் சேரும் விளிம்பில் மான்கள். கழுதைக்காது போல் பெரிய காதும் கறுப்பு வால்நுனியும் இருந்தால் மியூல் டியர். ஓடும்போது வெள்ளை வாலைக் கொடி போல் தூக்கினால் வைட்டெய்ல். எல்க் என்ற பெரிய மான் கூச்சமுள்ளது, விடியலில் காட்டோரமாகப் பார்த்தால் உண்டு. நரி மாதிரி இருக்கும் கயோட்டி தனியாக, ஏதோ வேலை இருப்பது போல் நேர்க்கோட்டில் போகும்.

புல் கட்டையாக மேயப்பட்டு, மண் மேடுகள் நிறைந்த இடம் வந்தால் கண்டிப்பாக நிறுத்துங்கள். அது பிரெய்ரி டாக் குடியிருப்பு. பெயரில் நாய் இருந்தாலும் இது அணில் குடும்பம். வளை வாயில் பின்னங்காலில் நின்று, கைகளை மார்பில் வைத்துக்கொண்டு ஒன்று காவல் காக்கும். திடீரென்று கைகள் இரண்டையும் மேலே வீசி, தலையைப் பின்னால் சாய்த்து 'யிப்' என்று கத்தும். கத்துகிற வேகத்தில் சிலது நிலைதடுமாறிப் பின்னால் சாயும். உடனே பக்கத்து மேட்டிலிருந்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று ஊர் முழுக்கப் பரவும். அக்கம்பக்கத்தார் விழிப்பாக இருக்கிறார்களா என்று சோதிக்கும் கத்தல் இது என்கிறார்கள் ஆய்வாளர்கள். என் பெண் ஒரு காலையில் இதை நாற்பது நிமிடம் பார்த்தாள், பைசனைக்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. இந்த ஊர் இருக்கும் இடத்தில் இதை நம்பிப் பிழைக்கும் மற்றவையும் வரும்: பருந்து, கயோட்டி, மண்ணைத் தோண்டி இரை பிடிக்கும் பேட்ஜர், பழைய வளைகளில் குடியிருக்கும் சின்ன ஆந்தை. வளைகளுக்குள் விரியன் இனத்து ராட்டில் ஸ்னேக் இருக்கலாம். பிரெய்ரி டாக்கின் தெள்ளுப்பூச்சி பிளேக் பரப்பக்கூடியது. அதனால் வண்டிப் பக்கத்திலிருந்தே பாருங்கள், மேடுகளுக்கு நடுவே குழந்தைகளை ஓட விடாதீர்கள்.

பைசன் வந்துவிட்டால்

மந்தை ரோட்டைக் கடக்கும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பது. ஹாரன் கூடாது. இடைவெளி தெரிகிறதே என்று தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் வண்டியை நுழைக்கக் கூடாது. கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், ஒரு விரல் அளவு மட்டும் திறந்து வைத்தால் சத்தம் கேட்கும்.

அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். அன்றைய காலை எங்கள் வண்டிக்கு இரண்டு பக்கமும் நூறுக்கு மேல் கடந்து போயின. முதலில் கேட்டது புல்லைப் பிடுங்கும் 'சரக், சரக்'. அப்புறம் தொண்டைக்குள்ளேயே உருளும் பன்றி உறுமல் மாதிரி ஒரு ஒலி. பசு அப்படித்தான் கன்றைக் கூப்பிடுகிறது, கன்றும் அதே சுரத்தில் சின்னதாகப் பதில் சொல்கிறது. ஒரு காளை என் ஜன்னலை ஒட்டி நின்றது. உதிர வேண்டிய குளிர்காலக் கம்பளி தோளில் கிழிந்த ஜமக்காளம் போல் தொங்கியது. அதன் கண் என் முகத்துக்கு நேரே இருந்தது. மூச்சு விட்டதில் கண்ணாடி மங்கியது. இருபது நிமிடத்தில் எல்லாம் கடந்து போய்விட்டன. வண்டிக்குள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இவ்வளவு சாதுவாக நடந்து போவதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பெரிய காளை 900 கிலோ வரை இருக்கும். ஓடினால் மணிக்கு 35 மைல், அதாவது 56 கி.மீ. உசைன் போல்ட்டின் உச்ச வேகமே 44 கி.மீ.தான். ஒருமுறை ஒரு தகப்பனார் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, படுத்திருந்த காளைக்குப் பதினைந்து அடி தூரத்தில் போய் நின்று படம் எடுக்கச் சொன்னதைப் பார்த்தேன். காளை எழுந்து நின்றது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வண்டிக்கு வெளியே இருந்தால் நூறு கஜம் இடைவெளி வேண்டும். கணக்குத் தெரியாவிட்டால் கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். விரலுக்குப் பின்னால் விலங்கு முழுக்க மறைந்தால் சரி, மறையாவிட்டால் பின்னால் போங்கள்.

வாலைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். தளர்ந்து தொங்கி ஆடினால் அது தன் பாட்டுக்கு இருக்கிறது. வால் மேலே தூக்கிக் கேள்விக்குறி போல் வளைந்தால் கோபம். தலையை ஆட்டுவது, முன்னங்காலால் மண்ணைப் பறிப்பது, மூக்கால் சீறுவது எல்லாம் 'போய்விடு' என்ற எச்சரிக்கை. தனியாகப் படுத்திருக்கும் காளையைப் பாவம், வயசானது என்று நினைக்காதீர்கள். இணைசேரும் காலம் தவிர மற்ற நாட்களில் காளைகள் மந்தையை விட்டு ஒதுங்கித்தான் இருக்கும்.

கழுதைகள்

பாதையின் தென்பகுதியில் கழுதைக் கூட்டம் ஒன்று வழிமறிக்கும். இவை இந்த மண்ணின் காட்டு விலங்கு அல்ல. இன்று பிளாக் எல்க் பீக் எனப்படும் சிகரத்துக்குச் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து போன கழுதைகளின் வம்சம். அந்தச் சவாரி நின்றதும் அவிழ்த்துவிட்டார்கள். ஜன்னலுக்குள் தலையை நுழைத்துத் தீனி கேட்கும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் சிப்ஸும் ரொட்டியும் அவற்றின் வயிற்றைக் கெடுக்கும், வண்டி வண்டியாக ஏங்கி நிற்கப் பழகியதால் ரோட்டில் அடிபடும் ஆபத்தும் உண்டு. நான் எதுவும் கொடுப்பதில்லை, உங்களையும் கொடுக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். பைசனுக்கோ மானுக்கோ கொடுப்பது பற்றி யோசிக்கவே கூடாது.

மந்தை கண்ணில் படாவிட்டால்

தார்ச்சாலையிலிருந்து தெற்கே சரளை மண் ரோடுகள் பிரிகின்றன: லேம் ஜானி ரோடு, ஓக் டிரா ரோடு. சாதாரணக் கார் போகும். மழை பெய்த ஈரத்தில் மட்டும் வேண்டாம். பிரதான பாதையில் மந்தையைக் காணாத நாட்களில் எனக்கு இங்கேதான் கிடைத்திருக்கிறது. அதுவும் இல்லை என்றால் 87ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்குங்கள். பூங்காவை ஒட்டியே விண்ட் கேவ் தேசியப் பூங்கா. குகைக்குள் போகத்தான் டிக்கெட், மேலே புல்வெளியில் ஓட்டிப் பார்க்கக் கட்டணம் இல்லை. அங்கும் பைசன் உண்டு, 1913இல் நியூயார்க்கின் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையிலிருந்து ரயிலில் வந்த 14 பைசன்களிலிருந்து தொடங்கிய மந்தை அது. செப்டம்பர் மாலைகளில் அங்கே ஆண் எல்க் கூவுவதைக் கேட்கலாம். இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து விசில் மாதிரி ஒரு குரல் வரும் என்று கேட்கும்வரை நம்ப மாட்டீர்கள்.

மாலையில் போனவர்கள் நன்றாக இருட்டுவதற்கு முன் வெளியே வந்துவிடுங்கள். ரோடு இரவிலும் திறந்துதான் இருக்கும். ஆனால் பைசன் உடம்பு இருட்டோடு இருட்டாக இருக்கும். தலையைத் தாழ்த்தி நின்றால் மானின் கண்ணைப் போல ஹெட்லைட்டில் அதன் கண் மின்னாது, பக்கத்தில் போகும்வரை தெரியாது. நேரமாகிவிட்டால் ஒரு ஓட்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல், பதினைந்து இருபது மைல் வேகத்திலேயே வாருங்கள். அறைக்கு வந்ததும் புல்லில் நடந்த எல்லோருடைய கணுக்கால், முழங்கால் மடிப்பு, குழந்தைகளின் காதுக்குப் பின்புறம் எல்லாவற்றிலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.